ஒளிபரப்பு அட்டவணையும் பாடபேதமும்: தன்னார்வத் தொகுப்பாளர்களின் கருத்து வேறுபாடுகள் குறித்து ஒரு கொங்கு வட்டாரப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் எந்த நாளில், எந்த நேரத்தில், எத்தனை பகுதிகளாக ஒளிபரப்பாயின என்பதை விக்கிப்பீடியா போன்ற தளங்களில் தன்னார்வத் தொகுப்பாளர்கள் அட்டவணைகளாகத் தொகுத்து வருகின்றனர். அவ்வட்டவணைகளின் துல்லியம் பற்றி அவர்களிடையே தொடர்ந்து கருத்து வேறுபாடுகள் எழுகின்றன. அறிவித்த நேரம், ஒளிபரப்பிய நேரம், ஓர் ஊரில் கிடைத்த நேரம் ஆகிய மூன்றும் ஒரே கட்டத்தில் கலந்து எழுதப்படுவதே இவ்வேறுபாடுகளுக்கு முதன்மைக் காரணம் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. சென்னை நிலையத்தின் அலைவீச்சுக்கு வெளியே இருந்த கோவை, கொங்கு வட்டாரத்தின் பார்வை அனுபவம் இக்கலப்பைத் தெளிவாகக் காட்டுகிறது. நாட்காட்டிக் கணக்கின் வழி அட்டவணைகளைச் சோதிக்கும் முறையும், தமிழ்ப் பதிப்பு மரபின் பாடபேதக் குறிப்பு முறையும் இச்சிக்கலுக்குத் தீர்வாக முன்வைக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொலைக்காட்சி வரலாறு, தமிழ் விக்கிப்பீடியா, ஒளிபரப்பு அட்டவணை, கொங்கு நாடு, பாடபேதம், நாட்காட்டிக் கணக்கு.

முன்னுரை

தமிழில் தொலைக்காட்சி தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. திரைப்படத்திற்குப் பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, தணிக்கைச் சான்றிதழ் எனப் பல ஆவணங்கள் உண்டு. வானொலிக்கு அகில இந்திய வானொலி வெளியிட்ட ‘வானொலி’ இதழ் இருந்தது. நிகழ்ச்சி நிரல்களை அதில் காணலாம். தமிழ்த் தொலைக்காட்சிக்கு அத்தகைய தொடர்ச்சியான அச்சுப் பதிவு அமையவில்லை. நாளிதழின் ஓர் ஓரத்தில் ‘இன்றைய தொலைக்காட்சி’ என்ற தலைப்பில் சில வரிகள் வந்தன. மறுநாள் அத்தாள் கடையில் பொட்டலம் மடிக்கப் பயன்பட்டது.

இந்த இடைவெளியை நிரப்ப முன்வந்தவர்கள் தன்னார்வத் தொகுப்பாளர்களே. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் தொலைக்காட்சித் தொடர்களுக்கெனத் தனிக் கட்டுரைகள் பெருந்தொகையாக உள்ளன. 2010 ஜூன் மாதம் கோவையில் நடைபெற்ற உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையும் அதனோடு இணைந்த தமிழ் இணைய மாநாட்டையும் ஒட்டிக் கல்லூரி மாணவர்களுக்கு விக்கிப்பீடியா கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது. அவ்வகையில் இத்தகைய தொகுப்புப் பணியின் வரலாற்றில் கோவைக்கும் ஓர் இடம் உண்டு. இவ்வாறு ஊதியமின்றித் தொகுப்பவர்களின் பிணக்குகளை வெறும் பொழுதுபோக்குச் சண்டையாகத் தள்ளிவிட இயலாது. நாளைய ஊடக வரலாற்றாசிரியருக்கு இவ்வட்டவணைகளே முதற்சான்றாகிவிடும் நிலை உள்ளது. நாளிதழ்களும் வலைத்தளங்களும் இப்போதே இவற்றைப் பெயர் குறிப்பிடாமல் எடுத்தாள்கின்றன. பின்னர் அந்த நாளிதழ்ச் செய்தியே அட்டவணைக்குச் சான்றாக அடிக்குறிப்பில் இடம்பெறுகிறது. தன் நிழலையே தூணாகக் கொண்டு நிற்கும் கூரை இது. ஆகவே அட்டவணையின் உண்மைத்தன்மையைச் சோதிக்கும் நெறி எது என்ற கேள்வி தமிழாய்வுக்கும் உரிய கேள்வியாகிறது.

1. அட்டவணை என்னும் பனுவல்

தமிழ் விக்கிப்பீடியாவின் தொடர்க் கட்டுரைகள் பலவற்றின் இறுதியில் ஒரு பெட்டி காணப்படும். நடுவில் தொலைக்காட்சியின் பெயரும் நேரமும், இடப்புறம் அந்நேரத்தில் முன்பு வந்த தொடரும், வலப்புறம் அடுத்து வந்த தொடரும் அதில் இருக்கும். இப்பெட்டியின் மூலவடிவம் அரசர்களுக்கும் பதவி வகித்தோருக்கும் உருவாக்கப்பட்டது. இவருக்குப் பின் இவர் ஆண்டார் என்று காட்டும் வடிவம் அது. அதைத் தொடர்களுக்குப் பொருத்தும்போது இரவு 9 மணி என்பது ஓர் அரியணையாகவும், தொடர்கள் அதில் இடைவெளியின்றி அமரும் மன்னர்களாகவும் ஆகிவிடுகின்றன.

நடைமுறை அவ்வாறு இருந்ததில்லை. ஒரு தொடர் முடிந்தபின் சில நாள்கள் திரைப்படமோ சிறப்பு நிகழ்ச்சியோ வரலாம். ஓடிக்கொண்டிருக்கும் தொடரே அரை மணிநேரம் முன்பின் நகர்த்தப்படலாம். பெட்டிக்கு இவற்றை ஏற்கும் இடமில்லை. வெற்றிடம் கண்ட தொகுப்பாளர் அதை ஏதேனும் ஒரு பெயரால் நிரப்ப முனைகிறார். மற்றொருவர் அதை மாற்றுகிறார். இருவரும் தத்தம் அளவில் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். தவறு அவர்களைவிட அந்த வடிவத்தில்தான் மிகுதி.

பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. சென்னை நிலையத்தின் 1980-களின் நிகழ்ச்சிகள் இன்று பல இடங்களில் ‘பொதிகை நிகழ்ச்சி’ என்று குறிக்கப்படுகின்றன. பொதிகை என்ற பெயரோ அந்நிகழ்ச்சிகளுக்குப் பல ஆண்டுகள் கழித்துச் சூட்டப்பட்டது. 2024 ஜனவரியில் அப்பெயரும் மாறி ‘டிடி தமிழ்’ ஆயிற்று. இனி வருவோர் 1980-இன் நிகழ்ச்சியையும் டிடி தமிழின் கணக்கில் எழுதக்கூடும். கல்வெட்டில் பழம்பெயரால் குறிக்கப்பெற்ற ஊரை இன்றைய பெயரால் மட்டும் எழுதி மூலப்பெயரை விட்டுவிடுவது போன்றது இது.

ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கை இங்கு கவனத்திற்குரியது. கலைக்களஞ்சியம் அன்றாட நிகழ்ச்சி நிரல் அன்று என்று அது விலக்குகிறது; ஆனால் வரலாற்று முக்கியத்துவமுள்ள நிகழ்ச்சிப் பட்டியல்களும் நிரல்களும் இடம்பெறலாம் என்று விலக்களிக்கிறது. அவ்விலக்கின் நிழலில்தான் அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்புகளின் பருவவாரியான அட்டவணைகள் வளர்ந்தன. அவற்றிற்கு டிம் புரூக்ஸ், எர்ல் மார்ஷ் இருவரும் தொகுத்து 1979 முதல் பல பதிப்புகளாக வெளிவந்த நிகழ்ச்சிக் களஞ்சியம் போன்ற அச்சு நூல்கள் அடிப்படையாக அமைந்தன. கருத்து வேறுபாடு எழுந்தால் எடுத்துப் பார்க்க ஒரு நூல் அங்கே இருந்தது. தமிழில் வடிவம் மட்டும் வந்து சேர்ந்தது. அதைத் தாங்கும் நூல் வரவில்லை.

2. மூன்று நேரங்கள்

ஓர் ஒளிபரப்பு அட்டவணையில் ‘வெள்ளிக்கிழமை, இரவு 8 மணி’ என்று எழுதியிருந்தால் அது மூன்றில் ஒன்றைக் குறிக்கலாம். ஒன்று, நிலையம் முன்கூட்டி அறிவித்த நேரம். இரண்டு, நிலையத்திலிருந்து நிகழ்ச்சி உண்மையில் புறப்பட்ட நேரம். மூன்று, குறிப்பிட்ட ஓர் ஊரில் அது பெட்டியில் தெரிந்த நேரம். மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் சென்னையை மையமாகக் கொண்டு பார்க்கும்போது இயல்பாகத் தோன்றும். கோவையில் நின்று பார்த்தால் அவ்வெண்ணம் உடனே கலைந்துவிடும்.

சென்னைக்கும் கோவைக்கும் இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவு. தரைவழித் தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. உயரமான கோபுரத்திலிருந்து புறப்பட்டாலும் அத்தொலைவைக் கடக்க இயலாதவை. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் சூழ்ந்த கொங்குச் சமவெளிக்கு 1975-இல் தொடங்கிய சென்னை ஒளிபரப்பு எட்டவில்லை. 1983-இல் இன்சாட்-1பி செயற்கைக்கோள் செலுத்தப்பட்ட பின்னர், 1984-ஆம் ஆண்டையொட்டி நாடெங்கும் குறைந்த திறன் கொண்ட அஞ்சல் நிலையங்கள் விரைந்து நிறுவப்பட்டன. 100 வாட் திறனும் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் வீச்சும் உடைய அந்நிலையங்கள் தொடக்கத்தில் அஞ்சல் செய்தவை டில்லி நிகழ்ச்சிகளையே. தமிழ் நிகழ்ச்சிகள் செயற்கைக்கோள் வழியும் மலையுச்சிக் கோபுரங்கள் வழியும் படிப்படியாகவே உள் மாவட்டங்களை அடைந்தன.

இதன் விளைவு முக்கியமானது. சென்னையில் ஒரு குடும்பம் வெள்ளி இரவு ‘ஒளியும் ஒலியும்’ பார்த்துக்கொண்டிருந்த 1980-களின் தொடக்கத்தில் கோவையின் பெரும்பாலான வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லை. பெட்டி வந்தபோது அதில் முதலில் தெரிந்தது இந்தி. ‘ஹம் லோக்’ தொடர் 1984 ஜூலை 7 அன்று தொடங்கியது. அதைச் சொல் விளங்காமலேயே பார்த்துத் தொலைக்காட்சிக்குப் பழகிய தலைமுறை ஒன்று உள் மாவட்டங்களில் உண்டு. ஆகவே ‘தமிழ்நாட்டில் 1980-களின் வெள்ளிக்கிழமை இரவு’ என்ற ஒற்றை அட்டவணை வரையப்படும்போது அது சென்னையின் அட்டவணையாகவே அமைகிறது. கொங்கின் வெள்ளி இரவு அதில் இடம்பெறுவதில்லை.

‘ஒளியும் ஒலியும்’ ஏழரை மணிக்கு வந்தது என்று ஒருவரும், எட்டு மணிக்கு என்று மற்றொருவரும் உறுதிபடச் சொல்வதைக் கேட்க முடிகிறது. இவ்விருவரும் எந்த ஆண்டைப் பற்றி, எந்த ஊரிலிருந்து பேசுகிறார்கள் என்று கேட்காமல் எவரையும் பொய்யர் ஆக்க இயலாது. நேரத்தோடு ஆண்டும் ஊரும் சேர்த்துச் சொல்லப்படாத நினைவு பாதி நினைவே.

தனியார் தொலைக்காட்சிகளின் காலத்திலும் இவ்வேறுபாடு முற்றும் மறையவில்லை. 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் தொலைக்காட்சி ஆரம்பத்தில் நாளுக்குச் சில மணிநேரமே ஒளிபரப்பியது. செயற்கைக்கோளிலிருந்து ஒரே நேரத்தில் எங்கும் இறங்கினாலும் வீட்டுக்கு வரும் வழி உள்ளூர்க் கேபிள்காரரின் கையில் இருந்தது. எந்த அலைவரிசையைத் தருவது, எதை நிறுத்தி எதைப் போடுவது என்பதை அவரே முடிவு செய்தார். ஒரு தெருவுக்கு வந்த அலைவரிசை அடுத்த தெருவுக்கு வராதிருந்த காலம் அது.

3. நினைவின் இயல்பு

தொகுப்பாளர்களின் பிணக்குகளில் நினைவு ஒரு தரப்பின் ஆயுதம். “நான் பார்த்தேன்” என்பதே அத்தரப்பின் சான்று. “சான்று காட்டுக” என்பது மறுதரப்பின் மறுமொழி. மெய்யறிதன்மை என்ற விக்கிப்பீடியா நெறி இரண்டாம் தரப்புக்கே துணைநிற்கிறது. அது சரியான நெறிதான். எனினும் நினைவை முற்றும் ஒதுக்குவதற்குமுன் அது எவ்வாறு இயங்குகிறது என்று அறிதல் நன்று.

கொங்கு வட்டாரத்தில் நேரம் என்பது நெடுங்காலம் ஆலைச் சங்கோடு பிணைந்திருந்தது. கோவையின் பஞ்சாலைகளில் மூன்று ஷிப்டுகள். சோமனூர், பல்லடம் பகுதி விசைத்தறிக் கூடங்களிலும் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளிலும் வேலை நேரமே நாளின் எலும்புக்கூடு. இரவு ஷிப்டுக்குப் புறப்படுமுன் பார்த்த தொடர், பகல் ஷிப்டு முடிந்து வந்து பார்த்த தொடர் என்றே நினைவு பதிகிறது. கடிகார எண் பின்னர் சேர்க்கப்படுவது. ஆகவே தொழிலாளி ஒருவரின் நினைவில் நிகழ்ச்சிகளின் வரிசையும் கிழமையும் பெரும்பாலும் உறுதியாக இருக்கும். மணி அவ்வளவு உறுதியாக இராது. வேலைக்குச் சென்ற பெண் மறுநாள் பகலில் மறுஒளிபரப்பைப் பார்த்திருந்தால் அவர் சொல்லும் பகல் நேரமும் அவருக்கு உண்மையே. முதல் ஒளிபரப்பின் நேரம் எது என்ற கேள்விக்கு மட்டும் அது விடையாகாது.

மின்வெட்டும் இதில் சேரும். 2008-இலும், அதனினும் கடுமையாக 2011 முதல் 2013 வரையிலும் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்கள் நீண்ட மின்வெட்டுகளால் அல்லலுற்றன. அக்காலத்தில் ஒரு தொடரை நாள்தோறும் முழுமையாகப் பார்த்தவர்கள் இப்பகுதியில் மிகக் குறைவாகவே இருந்திருக்க முடியும். ‘அந்த வாரம் தொடர் வரவில்லை’ என்ற நினைவு, தொடர் ஒளிபரப்பாகவில்லை என்பதையும் குறிக்கலாம், ஊரில் மின்சாரம் இல்லை என்பதையும் குறிக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியாத தொகுப்பாளர் இல்லாத இடைவெளியை அட்டவணையில் ஏற்றிவிடுவார்.

எனவே நினைவு எதற்குச் சான்று என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஓர் ஊரில் ஒரு நிகழ்ச்சி எப்போது, எப்படிக் கிடைத்தது என்பதற்கு நினைவைவிடச் சிறந்த சான்று பெரும்பாலும் இல்லை. நிலையம் எப்போது ஒளிபரப்பியது என்பதற்கு அது போதாது.

4. அச்சுச் சான்றின் எல்லை

மறுதரப்பு நம்பும் அச்சுச் சான்றும் பழுதற்றதன்று. பிரித்தானிய ஒலி-ஒளிபரப்புக் கழகமான பிபிசி தனது ‘ரேடியோ டைம்ஸ்’ இதழின் 1923 முதல் 2009 வரையிலான நிகழ்ச்சி நிரல்களை எண்மமாக்கி ‘ஜீனோம்’ என்ற பெயரில் 2014-இல் வெளியிட்டது. 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட நிகழ்ச்சிப் பதிவுகள் அதில் உள்ளன. அச்சுப் பிழைகளைத் திருத்தப் பொதுமக்களுக்கும் வாய்ப்பளிக்கப்பட்டது. அத்திட்டமே ஒரு செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது: அதில் உள்ளவை இதழில் அச்சானவை, கடைசி நேர மாற்றங்களை அவை காட்டா. ‘டாக்டர் ஹூ’ தொடரின் முதல் பகுதி 1963 நவம்பர் 23 அன்று மாலை 5.15-க்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முந்தைய நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி கொல்லப்பட்டிருந்தார். தொடர் 80 நொடிகள் தாமதமாகவே தொடங்கிற்று. நொடிக் கணக்கில் அறியப்பட்டதற்குக் காரணம் அங்கே ஒளிபரப்புக் குறிப்பேடுகள் பேணப்பட்டதே.

இந்தியச் சூழலில் இவ்விடைவெளி நொடிகளில் அடங்காது. 1984 அக்டோபர் 31 காலையில் வீடுகளுக்கு வந்த நாளிதழில் அன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் வழக்கம்போல் அச்சாகியிருக்கும். அன்று காலைதான் பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அதன்பின் தூர்தர்ஷனின் கேளிக்கை நிகழ்ச்சிகள் விலக்கப்பட்டுத் துக்க ஒளிபரப்பு நடைபெற்றது. 1987 டிசம்பர் 24 அன்று எம்.ஜி.ஆர். மறைந்தபோதும், 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோதும் அச்சிட்ட நிரலை அப்படியே ஒளிபரப்பிய நிரலாகக் கொள்ள இயலாது. நாளிதழை மட்டும் கொண்டு ஒரு தொடரின் பகுதிகளை எண்ணுபவர் இந்நாள்களில் ஒளிபரப்பாகாத பகுதிகளையும் எண்ணிவிடக்கூடும். ஆகவே நாளிதழ் அறிவித்த நேரத்துக்கு நேர்ச் சான்று. ஒளிபரப்பிய நேரத்துக்குச் சார்புச் சான்று மட்டுமே.

5. நாட்காட்டிக் கணக்கு

கல்வெட்டியலில் காலத்தைச் சோதிக்க ஒரு முறை உண்டு. கல்வெட்டில் கூறிய கிழமை, திதி, நட்சத்திரம் ஆகியன ஒருங்கே ஒரு நாளில் பொருந்துகின்றனவா என்று கணித்துப் பார்ப்பது அது. எல்.டி.சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் ‘இந்தியன் எபிமெரிஸ்’ இதற்கெனவே பயன்பட்டது. ஒளிபரப்பு அட்டவணைக்கும் இம்முறையை எளிய வடிவில் பொருத்தலாம். தொடக்க நாள், முடிவு நாள், வாரத்தில் ஒளிபரப்பான நாள்கள், மொத்தப் பகுதிகள் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைய வேண்டும்.

முதலில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’. 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிறுதோறும், 78 பகுதிகள் என்பது வழங்கும் தரவு. இரு நாள்களும் ஞாயிற்றுக்கிழமைகளே. இடைப்பட்ட ஞாயிறுகள், இரு முனைகளையும் சேர்த்து, 80. இரண்டு ஞாயிறுகள் மட்டும் விடுபட்டிருந்தால் கணக்கு நேராகிறது. தரவு நம்பத்தக்கது.

அடுத்து பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’. 1988 அக்டோபர் 2, ஞாயிறு அன்று தொடங்கியது, 94 பகுதிகள். முடிவு நாளாக 1990 ஜூன் 24, 1990 ஜூலை 15 என இரண்டு நாள்கள் வழங்குகின்றன. இரண்டும் ஞாயிறுகளே, ஆகவே கிழமை கொண்டு எதையும் தள்ள இயலாது. எண்ணிப் பார்த்தால் ஜூன் 24 வரை உள்ள ஞாயிறுகள் 91 மட்டுமே. வாரம் ஒன்று என்றால் 94 பகுதிகள் அதில் அடங்கா. குறைந்தது மூன்று பகுதிகள் கூடுதலாக, வேறு நாளிலோ ஒரே நாளில் இரண்டாகவோ வந்திருக்க வேண்டும். ஜூலை 15 வரை எண்ணினால் ஞாயிறுகள் சரியாக 94. ஆயின் அந்நாள் உண்மையாவதற்கு ஏறத்தாழ 22 மாதங்களில் ஒரு ஞாயிறுகூடத் தவறியிருக்கக் கூடாது. கணக்கு ஜூலை 15-இன் பக்கம் சாய்கிறது என்று சொல்லலாம். முடிந்த முடிபு என்று சொல்ல இயலாது. ஆனால் தேட வேண்டிய இடத்தை அது மிகக் குறுக்கிவிடுகிறது. 1990 ஜூன் 24, ஜூலை 1, 8, 15 ஆகிய நான்கு ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களைப் பார்த்தால் பெரும்பாலும் தெளிவு பிறக்கும். தேசிய ஒளிபரப்பு எங்கும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததால் கோவையில் அச்சான நாளிதழே இதற்குப் போதும். டில்லிக்குச் செல்ல வேண்டியதில்லை.

தமிழ்த் தொடர்களுக்கும் இம்முறை பயன்படும். ராதிகா நடித்த ‘சித்தி’ 1999 டிசம்பர் 20 முதல் 2001 நவம்பர் 2 வரை 467 பகுதிகள் என்று தொகுக்கப்பட்டுள்ளது. முதல் நாள் திங்கள், இறுதி நாள் வெள்ளி. இடையே 98 வேலை வாரங்கள். திங்கள் முதல் வியாழன் வரை என்றால் 392 நாள்களே கிடைக்கும்; 467 பகுதிகள் அடங்கா. திங்கள் முதல் சனி வரை என்றால் 587 நாள்கள். 120 நாள்கள் விடுபட்டன என்று கொள்ள நேரும். திங்கள் முதல் வெள்ளி வரை என்றால் 490 நாள்கள், விடுபட்டவை 23. பொங்கல், தீபாவளி, விடுதலை நாள் போன்ற நாள்களின் சிறப்பு நிகழ்ச்சிகளைக் கருதினால் இது பொருந்தும் எண். தேவயானி நடித்த ‘கோலங்கள்’ 2003 நவம்பர் 24, திங்கள் முதல் 2009 டிசம்பர் 4, வெள்ளி வரை 1533 பகுதிகள் எனப்படுகிறது. வாரம் ஐந்து நாள் எனக் கொண்டால் 1575 நாள்கள், விடுபட்டவை 42. ஆறாண்டுகளுக்கு அது இயல்பான அளவே. பிற்காலத்தில் தொடர்கள் வாரம் ஆறு நாள் வரத் தொடங்கின. அவ்வழக்கத்தைப் பழைய தொடர்மீது ஏற்றி ‘திங்கள் முதல் சனி வரை’ என்று எவரேனும் எழுதினால், 1889 நாள்களில் 356 நாள்கள் விடுபட்டன என்ற ஏற்கவியலா முடிவு வரும். அவ்விடத்திலேயே பிழை வெளிப்பட்டுவிடும்.

விக்கிப்பீடியா சொந்த ஆய்வைத் தடை செய்கிறது. எனினும் எவரும் சரிபார்க்கத்தக்க வழக்கமான கணக்கீட்டை அது தடை செய்வதில்லை. ஞாயிறுகளை எண்ணுவது அத்தகையதே. எண்ணியபின் ‘ஆகவே இதுவே முடிவு நாள்’ என்று எழுதுவதுதான் எல்லை கடப்பது. கணக்கு ஒரு தரவைக் குலைக்க வல்லது. தனியே நின்று புதிய தரவை நிறுவ வல்லதன்று. இந்த வேறுபாட்டை இரு தரப்பும் ஏற்றால் சண்டைகளில் பாதி தேடலாக மாறும்.

வேண்டுமென்றே செய்யப்படும் திரிபுகளைக் கண்டறியவும் இது உதவும். வசைச்சொல் எழுதினால் எவர் கண்ணிலும் படும். ஒரு தேதியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றினால் ஆண்டுக்கணக்கில் எவரும் கவனிக்கமாட்டார்கள். மாற்றிய எண் நான்கு தரவுகளின் இசைவைக் குலைக்கும் என்பதே அதற்கு எதிரான காவல்.

6. பாடபேதம் காட்டும் மரபு

ஒரே கட்டத்தில் ஒரே விடை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே தொகுப்பாளர்களை மாறிமாறி அழித்தெழுதச் செய்கிறது. ஒரு பக்கத்தில் ஒருவர் 24 மணிநேரத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் தொகுப்பை மீளமைக்கக் கூடாது என்ற விதி சண்டையின் வேகத்தைக் குறைக்கிறது. உண்மையைக் கண்டறிய அது உதவுவதில்லை. நான்காம் நாள் எவர் சலிப்படையாமல் நிற்கிறாரோ அவர் எழுதியதே நிலைக்கிறது.

தமிழுக்கு இச்சிக்கல் புதிதன்று. ஏடுகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டபோது உ.வே.சாமிநாதையர் தாம் ஏற்ற பாடத்தை மூலத்தில் வைத்தார். வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் காட்டினார். 1892-இல் வெளிவந்த சிலப்பதிகாரப் பதிப்பும் 1894-இல் வெளிவந்த புறநானூற்றுப் பதிப்பும் தமிழ்ப் பதிப்புநெறியில் இதை நிலைப்படுத்தியவை. தாம் ஏலாத பாடத்தையும் அழியாமல் காத்ததால்தான் பிற்கால அறிஞர் அவருடைய முடிவை மறுபரிசீலனை செய்ய இயன்றது. ஏடெழுதியவரோ தமக்குச் சரியெனப்பட்டதை எழுதிப் பழைய சொல்லைக் கைவிட்டார். இன்றைய அட்டவணைத் தொகுப்பாளர் பதிப்பாசிரியரின் இடத்தில் அமர்ந்துகொண்டு ஏடெழுதியவரின் வேலையைச் செய்கிறார்.

விக்கிப்பீடியாவின் வரலாற்றுப் பக்கம் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமிக்கிறது என்று இதற்கு மறுப்புக் கூறலாம். அது உண்மையே. ஆனால் படிப்பவருக்குத் தெரிவது இன்றைய வடிவம் மட்டும். ‘மகாபாரத்’ முடிவு நாள் பற்றி இரு தரவுகள் உள்ளன என்பதை அறிய அவர் நூற்றுக்கணக்கான மாற்றங்களைப் புரட்ட வேண்டும். சேமிப்பது வேறு, பாடபேதமாகக் காட்டுவது வேறு.

எனவே அட்டவணையின் ஒவ்வொரு பதிவிலும் மூன்று செய்திகள் இருத்தல் நலம். தரவு எந்த நேரத்தைக் குறிக்கிறது: அறிவித்ததா, ஒளிபரப்பியதா, ஓர் ஊரில் கிடைத்ததா? சான்று எது, எந்த ஊர்ப் பதிப்பு? வேறுபடும் தரவு உண்டா? இம்மூன்றையும் அடிக்குறிப்பில் வைக்கத் தற்போதைய தொழில்நுட்பம் போதும். நேர வரிசைப் பெட்டியில் சான்று கிடைக்காத இடத்தை வெற்றிடமாகவே விடும் துணிவும் தொகுப்பாளருக்கு வேண்டும். சிதைந்த வரியைப் புள்ளிகளால் குறித்துவிட்டு மேற்செல்வது கல்வெட்டுப் பதிப்பில் ஏற்கப்பட்ட முறை. அது பதிப்பாளரின் குறையாகக் கருதப்படுவதில்லை.

முடிவுரை

தன்னார்வத் தொகுப்பாளர்களின் கருத்து வேறுபாடுகளில் ஒரு தரப்பு நினைவையும் மறுதரப்பு அச்சையும் பற்றி நிற்கின்றன. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை தருபவை என்பது மறக்கப்படுகிறது. அறிவித்த நேரத்துக்கு நாளிதழும், கிடைத்த நேரத்துக்கு அவ்வூரார் நினைவும், ஒளிபரப்பிய நேரத்துக்கு நிலையக் குறிப்பேடும் உரிய சான்றுகள். நாட்காட்டிக் கணக்கு இவற்றுக்கிடையே நின்று பொருந்தாதவற்றை விலக்குகிறது.

கொங்கு வட்டாரத்தின் தொலைக்காட்சி வரலாறு இதுவரை சென்னையின் அட்டவணைக்குள் எழுதப்பட்டு வந்துள்ளது. அதைத் தனியே மீட்க இரண்டு பணிகள் உடனடித் தேவை. கோவைப் பதிப்பு நாளிதழ்களின் தொலைக்காட்சிப் பகுதிகளைத் தேடித் தொகுத்தல் ஒன்று. முதன்முதலில் அஞ்சல் நிலையத்தின் வழி தொலைக்காட்சி பார்த்த தலைமுறையின் நினைவுகளை ஊர், ஆண்டு, வேலை நேரம் ஆகியவற்றோடு பதிவு செய்தல் மற்றொன்று. முதலாவது தாமதமானாலும் தாள் இருக்கும்வரை செய்யலாம். இரண்டாவதற்கு அத்தகைய அவகாசம் இல்லை. 1984-இல் முப்பது வயதில் இரவு ஷிப்டுக்குப் புறப்பட்ட பஞ்சாலைத் தொழிலாளிக்கு இன்று எழுபது கடந்துவிட்டது.